அரை நிமிட வேகம்

கம்பெனி கட்டிக்கொடுத்த கம்ப்யூட்டரை நான் வெறுக்கிறேன். வயதானவனுக்குப் புதிய பொருள் பிடிக்காது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் புதிய பொருள்கள் பிடிக்கும். அவற்றைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க விட்டால் போதும். இந்தப் பெட்டி அதற்கு விடவில்லை.

அதை வாங்கியது நான்தான். மகள் வேறு மாதிரிதான் சொன்னாள். ரிச்சி தெருவுக்குப் போய், பாகம் பாகமாக வாங்கி, கடையிலேயே பொருத்திக்கொண்டு வரலாம் என்றாள். நான் ஒப்பவில்லை. தொழிற்சாலையில் எஞ்சின் சோதனைப் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். பத்துக் கம்பெனிகள் செய்த பத்துப் பாகங்களை ஒரு கடைக்காரர் திருகு போட்டுச் சேர்த்துக் கொடுத்தால், நாளை அது நின்றுபோகும்போது யார் பொறுப்பு? ஒரே கூரையின் கீழ் செய்து, ஓட்டிப் பார்த்து, முத்திரை வைத்து அனுப்புவதற்குத்தான் பொருள் என்று பெயர். ஆவடிப் பக்கம் தொழிற்சாலைக் குடும்பங்கள் எல்லாம் அப்படித்தான். மிக்ஸியோ ஃபிரிட்ஜோ, விசாரித்து வாங்கும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஊழியர்களுக்குச் சலுகை விலையில் விற்கும் கேண்டீன் கடையில் வந்ததா என்று ஒரே கேள்வி. வந்தது என்றால் நல்ல பொருள். அட்டைப்பெட்டியைக்கூடக் கிழிக்காமல் பரணில் வைத்திருப்போம். கம்ப்யூட்டரும் அப்படித்தான் கேண்டீன் வழியாக, சீல் பிரிக்காத பெட்டியில், கோவில்பதாகையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்த முடிவுக்காக நான் இன்றும் வெட்கப்படவில்லை. அப்படி முடிவெடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பொருள் செய்கிறவர்கள் மீதுதான் எனக்கு ஆத்திரம்.

கம்ப்யூட்டர் மகளின் வேலைக்காக வாங்கியது. அவள் திருமுல்லைவாயிலில் இருக்கும் புருஷன் வீட்டைவிட்டு வந்து எங்களோடு இருந்தாள். என்ன நடந்தது என்று அவள் முழுதாகச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மருமகன் மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்து, "வேலை வெட்டி இல்லாம அங்க உக்காந்து என்ன பண்றா? அனுப்பி வைங்க, அம்மா கேக்கறாங்க" என்பார். மகள் கல்யாணத்துக்கு முன்பு வீட்டு உள் அலங்காரப் படிப்பு படித்தவள். கட்டப்போகும் வீட்டை, கட்டி முடித்து விளக்குப் போட்டதுபோல் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டும் வேலை அது. அம்பத்தூரில் அப்படிப்பட்ட ஒரு நிறுவனம் அவளுக்கு நான்கு வீடுகளைச் சோதனைக்குக் கொடுத்தது. நான்கும் சொன்ன நேரத்துக்கு முடிந்தால் வீட்டிலிருந்தே நிரந்தர வேலை. முடியாவிட்டால் என்ன என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. அவளுடைய அம்மாவிடம் சமையலறையில் சொன்னது என் காதில் விழுந்தது: "இது போச்சுன்னா அவங்க முன்னாடி நிக்க எனக்கு வேற காரணம் இல்லம்மா. கூட்டிட்டுப் போயிடுவாங்க."

ஆகவே அந்தப் பெட்டி வேகமாக ஓட வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

அது ஓடவில்லை. வரைவது பிரச்சினை இல்லை. வரைந்ததை ஒளியும் நிழலுமாக ஒரு புகைப்படம் போல மாற்றச் சொன்னால்தான் தொல்லை. ரெண்டர் என்பார்கள் அதை. ஒரு கூடத்தின் படத்தை முடிக்க அதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. காலையில் படம் போனால் மதியம் நிறுவனத்திலிருந்து திருத்தம் வரும். சோபாவை இடப்பக்கம் தள்ளு, ஜன்னல் வெளிச்சத்தைக் குறை, திரைச்சீலையை மாற்று. மாலைக்குள் எல்லாப் படங்களும் திரும்பப் போக வேண்டும். ஒரு வீட்டுக்கு எட்டுப் படம், பெரிய வீடென்றால் பன்னிரண்டு. கணக்குப் போட எனக்குப் பேப்பர் தேவைப்படவில்லை. முதல் வீடு எப்படியோ முடிந்தது. இரண்டாவது வீட்டை அடுத்த நாள் காலையில் அனுப்பினாள். நிறுவனத்திலிருந்து வந்த பதிலில் மரியாதை இருந்தது, ஆனால் "இன்னொரு முறை தாமதமானால்" என்ற சொற்களும் இருந்தன.

நான் மாடியறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வேகத்தையும் சூட்டையும் திரையில் காட்டும் ஒரு சிறு புரோகிராமை மகள் போட்டுக் கொடுத்தாள். அதில்தான் திருட்டைக் கண்டுபிடித்தேன். ரெண்டர் தொடங்கியதும் ப்ராசசர் நான்கு கிகாஹெர்ட்ஸுக்கு மேல் சீறிக்கொண்டு போகிறது. அரை நிமிடம். அதன்பின் யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல் இரண்டரைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. மீதி நேரம் முழுவதும் அங்கேயே. பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் எந்த வேகத்தை அச்சடித்திருந்தார்கள்? அந்த அரை நிமிட வேகத்தை. கண்காட்சிக்கு வந்தவன் பார்த்துவிட்டுப் போகும்வரை ஓடுகிற எஞ்சினை விற்றிருக்கிறார்கள்.

இதைப் பார்த்ததும் எனக்கு உண்மையில் சந்தோஷம்தான் வந்தது, ஏனென்றால் எனக்குத் தெரிந்த நோய் அது. ராணுவ வண்டி எஞ்சின்களில் கவர்னர் என்று ஒன்று உண்டு. டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் எஞ்சினை ஓடவிடாமல் எரிபொருளைக் குறைக்கும் கருவி. அதன் திருகைச் சரியான இடத்தில் வைத்து, கம்பி கோத்து, ஈய முத்திரையை நசுக்கிப் பூட்டுவது எங்கள் பிரிவின் வேலை. அந்த முத்திரையை உடைத்தவனை நான் விட்டதில்லை. ஆனால் முத்திரை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கும். எந்தச் சுற்றில் பூட்டியிருக்கிறோம் என்று எஞ்சின் மேலேயே தகட்டில் பொறித்திருக்கும். எஞ்சினை வாங்குகிறவன் காரணம் சொல்லிக் கேட்டால் திருகை மாற்றி, மறுபடி ஓட்டிப் பார்த்து, மறுபடி பூட்டித் தருவோம். எனவே இதிலும் எங்கேயோ ஒரு திருகு இருக்கும், அதைத் திருப்பினால் முடிந்தது என்று நம்பினேன்.

கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் பயாஸ் என்கிற நீலத் திரை வரும். இயந்திரத்தின் அடிப்படைக் கட்டளைகள் எல்லாம் அதில்தான். மகளின் போனில் பார்த்த வீடியோக்களில், தனியாக வாங்கிய மதர்போர்டுகளில், அந்தத் திரை பக்கம் பக்கமாக ஓடியது. வேகம், மின்னழுத்தம், விசிறியின் சுற்று, ப்ராசசர் எத்தனை வாட் இழுக்கலாம், எவ்வளவு நேரம் இழுக்கலாம் எல்லாவற்றுக்கும் எண் போட இடம் இருந்தது. எங்கள் பெட்டியில் ஐந்தே பக்கங்கள். கடிகாரத்தைத் திருத்தலாம். எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லலாம். பாஸ்வேர்டு போடலாம். திரையில் கம்பெனியின் சின்னம் தெரியலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் சுதந்திரமும் எனக்கு இருந்தது. ஐந்து பக்கத்தையும் வரி வரியாக எண்ணினேன். நாற்பத்தேழு வரிகள். வேகம் என்ற சொல் ஒரு இடத்தில் வந்தது, அதுவும் சாம்பல் நிறத்தில், தொட முடியாதபடி.

கம்பெனியின் சர்வீஸ் ஆள் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் சுத்தமான பை. நான் அரை நிமிட விவகாரத்தைக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"சார், இது ஆபீஸ் மாடல். அறுபத்தஞ்சு வாட்டுக்கு மேல போகாதுன்னு செட் பண்ணி வரும்."

"அந்த செட்டிங் எங்க இருக்கு?"

"உள்ள சார்."

"உள்ளன்னா? நான் மாத்தணும்."

"மாத்தற ஆப்ஷன் இந்த மாடல்ல கிடையாது சார்."

"கிடையாதா, மறைச்சு வச்சிருக்கீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்," என்றார். சிரிக்கக்கூட இல்லை.

"எதுக்குய்யா மறைக்கணும்?"

"ஆயிரம் பேர் வாங்கறாங்க சார். அதுல பத்துப் பேர் வேகத்த ஏத்தி எரிச்சுட்டு வாரண்டி கேப்பாங்க. அதுக்காகத்தான். அதுவும் இல்லாம இதுல இருக்கற விசிறிக்கு அதுக்கு மேல தாங்காது."

கடைசியாகச் சொன்னது உண்மை. அந்த உண்மைக்காகவும் எனக்குக் கோபம் வந்தது. பெரிய விசிறி வைக்காமல் விட்டது யார்?

அவர் போனதும் மூடியைத் திறந்தேன். வாரண்டி போகும் என்று மனைவி படிக்கட்டிலிருந்தே கத்தினாள். உள்ளே பார்த்தபோது, இதைச் செய்தவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குப் புரிந்தது. எங்கும் ஒரு கிராம் உலோகம் அதிகம் இல்லை. ப்ராசசரின் தலையில் இருந்த அலுமினியக் கட்டி ஒரு டீ டம்ளர் உயரம். அதற்கு ஒரு விசிறி, காற்று வெளியே போக இன்னொரு விசிறி. மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் தகட்டில் எழுதியிருந்த வாட், பெட்டியில் இருக்கும் பாகங்களின் தேவையைக் கூட்டினால் வரும் தொகைக்கு மேல் ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். நாங்கள் எஞ்சின் செய்யும்போது, மேடு ஏறுவதற்கு, பாலைவனத்துக்கு, போர் நாளுக்கு என்று எப்போதும் கொஞ்சம் மிச்சம் வைப்போம். இதில் அந்த மிச்சத்தை வழித்து எடுத்திருந்தார்கள். வேகத்தைப் பூட்டி வைத்ததால் மிச்சம் தேவையில்லை, மிச்சம் இல்லாததால் வேகத்தைப் பூட்ட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று நியாயப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

மூடி இல்லாமலே டேபிள் ஃபேனை எதிரே வைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று பட்டனை அழுத்தினேன். இயந்திரம் மூன்று முறை கூவியது. மூடி திறந்திருக்கிறது என்று திரையில் எழுதிக்காட்டி, நான் ஒரு பொத்தானைத் தட்டி மன்னிப்புக் கேட்கும்வரை அப்படியே நின்றது. ஃபேன் காற்றில் சூடு பன்னிரண்டு டிகிரி குறைந்தது. வேகம் ஒரு இம்மியும் கூடவில்லை. சூடு ஒரு சாக்கு மட்டும்தான்.

அந்தக் கூவல் சத்தத்துக்குத்தான் எதிர்வீட்டுக்காரன் வந்தான் என்று நினைத்தேன்.

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதே தொழிற்சாலையில் எஞ்சின் பொருத்தும் பிரிவில் ஃபிட்டராக இருந்தவன். கோவில்பதாகை அவனுக்குச் சொந்த ஊர். இப்போது வீடுகள் நிற்கும் தெருக்களில் பாதி, அவன் அப்பா காலத்தில் அவர்கள் நெல் விளைந்த இடம். அவன் பொருத்திய எஞ்சின்களில் நான் திருப்பி அனுப்பியவை அதிகம். அதை அவன் மறக்கவில்லை, அவன் மறக்க வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை. ஓய்வுக்குப் பிறகு காதுகுத்து, கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் வேலை எடுத்துக்கொண்டான். அதற்காக ஒரு கம்ப்யூட்டரை அவனே பொருத்தியிருந்தான். பக்க மூடியே கிடையாது. ஓவர்க்ளாக் செய்தது, அதாவது கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் ஏற்றி வைத்தது. அதன் விசிறி இரைச்சல் எங்கள் வீட்டு வாசல் வரை கேட்கும். அது பற்றி நான் இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன்.

"இன்னா இன்ஸ்பெக்டர் சார், பட்டப்பகல்ல போஸ்ட்மார்ட்டம் பண்ணிகினு கீறீங்க?" என்றான் மாடியறை வாசலில் நின்று.

"உன்னை யாரு கூப்பிட்டது?"

"பாப்பாதான் கூப்ட்டுச்சு. வேகம் ஏத்தணுமாமே?"

மகளைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் குனிந்து, டார்ச் அடித்து, ப்ராசசரின் பெயரைப் படித்தான். "கடைசில எழுத்து இல்ல. எழுத்து இருந்தாதான் பூட்டு இல்லாத ப்ராசசர். போர்டும் மட்டம். சரி, இந்த எஸ்.எம்.பி.எஸ்-ஸ தூக்கிட்டு நம்மளது ஒண்ணு போட்டு பாக்கலாம்."

வீட்டுக்குப் போய் ஒன்றை எடுத்து வந்தான். எல்லாக் கடைகளிலும் கிடைக்கிற, எல்லாப் பெட்டியிலும் பொருந்துகிற அளவு. எங்கள் பெட்டியில் அது போகவில்லை. உள்ளே இருந்த இடம் குறுகலாக, நீளமாக இருந்தது. வெளியே வைத்தாவது இணைக்கலாம் என்றால், உலகம் முழுவதும் மின் இணைப்பில் இருபத்துநான்கு ஊசிகள் இருக்கும் இடத்தில் இதில் ஆறுதான் இருந்தன. நான் இரண்டு முறை எண்ணினேன். மதர்போர்டையே மாற்றினால் என்ன என்று பார்த்தான். திருகுத் துளைகள் வேறு இடத்தில். விசிறியைத் தாங்கும் தூண்கள் போர்டில் இல்லை, பெட்டியின் அடித்தகட்டிலேயே பற்ற வைத்திருந்தார்கள். ஆன் செய்யும் பட்டனின் ஒயர்கூட அவர்களுக்கென்று செய்த முனையோடு இருந்தது. ஒன்றை மாற்ற எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் மாற்றினால் மிஞ்சுவது கம்பெனியின் வெள்ளிச் சின்னம் மட்டும்.

அவன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். "சார், நீ வாங்கினு வந்தது கம்ப்யூட்டர் இல்ல. மாப்ள. உன் ஊட்ல குந்திகினு உன் சோத்த துன்னுவான். பேச்சு மட்டும் அவங்க ஆத்தா பேச்சுதான் கேப்பான்."

மகள் சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. என் வீட்டில் என் மருமகனை வைத்து அவன் சொன்ன நக்கலுக்கு அவள் சிரித்தாள் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"வெளிய போய்யா," என்றேன்.

"போறேன். என் ஊட்ல கீறது நாலு கடைல பொறுக்குன மெஷின்தான். ஆனா சொன்ன பேச்சு கேக்கும்."

மூன்றாவது வீடு எட்டுப் படம். ஏழு படம் நேரத்துக்குப் போனது. எட்டாவது போய்ச் சேர்ந்தபோது அங்கே அலுவலகம் பூட்டியிருந்தது. அடுத்த நாள் போனில் பேசிய நிறுவனத்துப் பெண், நான்காவது வீட்டைச் சொன்ன மாலைக்குள் கொடுக்க முடியுமா, இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு ஆள் இருக்கிறார் என்றாள். மகள் கொடுக்க முடியும் என்றாள். நான்காவது வீடு பன்னிரண்டு படம்.

அந்த வீட்டுக்குத் திருத்தங்கள் வந்த மதியம், மகள் சாப்பிடாமல் எழுந்து, தன் டிஸ்க்கைக் கழற்றித் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போய் அவன் கேட்டில் நின்றேன்.

"இன்னொருத்தன் வீட்டுல போய் உட்கார்ந்து வேலை செய்யற அளவுக்கு என்ன ஆச்சு இப்ப?"

"மணி ரெண்டுப்பா. அதான் ஆச்சு."

"அந்த ஆள் பொருத்துனது எதுவும் ஒழுங்கா ஓடினதில்ல. எனக்குத் தெரியாதா?"

உள்ளேயிருந்து அவன் குரல்: "சார், ஓடலன்னா அப்ப வந்து திட்டு. இப்ப கேட்ட வுட்டு நகரு, காத்து வர்ல."

நான் நகரவில்லை. உள்ளேயும் போகவில்லை. அவன் வாசல் வேப்பமரத்தடியில் நின்றேன். இரைச்சல் ஏறியது. கொஞ்ச நேரத்தில் மகள் ஜன்னல் வழியாக, "முதல் படம் இருபது நிமிஷத்துல முடிஞ்சுது" என்று சொன்னாள். என்னிடம் சொல்கிறாளா, அவனிடமா என்று தெரியவில்லை. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது பாதியில் இரைச்சல் சட்டென்று அடங்கியது.

அந்த அமைதி எனக்குத் தெரியும். சோதனை மேடையில் எஞ்சின் தானாக நிற்கும்போது வருகிற அமைதி.

உள்ளே போனேன். இயந்திரம் நின்றுபோனால் வரும் பிழைச் செய்தியோடு திரை முழுக்க நீலமாக இருந்தது. மகள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தாள். அவன் மறுபடி ஆன் செய்து, "சூடு ஆயிட்சு, வேற ஒண்ணும் இல்ல" என்றான். மறுபடி தொடங்கினார்கள். ஐந்து நிமிடத்தில் மறுபடி நீலம்.

"எவ்வளவுல வச்சிருக்க?" என்றேன்.

"அஞ்சு புள்ளி ஒண்ணு."

"ஏன்?"

"ஓடுச்சு, வச்சேன்."

"எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்த?"

"வீடியோ வெட்டுற நேரம் ஓடும் சார். பத்து நிமிஷம், கால் மணி நேரம். அதுக்குள்ள வேல முடிஞ்சுடும்."

"முழுச் சுமையில ஒரு மணி நேரம்?"

அவன் குனிந்து விசிறியைப் பார்த்தான். கம்பெனிக்காரன் மிச்சத்தை வழித்து எடுத்து விற்கிறான். இவன் கையில் இருந்த மிச்சத்தை முழுக்கத் தின்றுவிட்டான். வேகத்தை ஏற்றுவதென்றால் ஒரு படி ஏற்றி, முழுச் சுமை கொடுத்து, அப்படியே பிடித்து வைத்துப் பார்க்க வேண்டும். தாங்கினால் அடுத்த படி. எங்கே தடுமாறுகிறதோ அங்கிருந்து கீழே இறங்கி நிற்க வேண்டும், தடுமாறுகிற படியிலேயே நின்றுகொண்டு தாங்குகிறது என்று சொல்லக் கூடாது. தொழிற்சாலையில் இதை அவனிடம் எத்தனை முறை கத்தியிருக்கிறேன்.

"நாலு புள்ளி எட்டு போடு," என்றேன்.

"அவ்ளோ கொறச்சா எதுக்கு சார் இந்த மெஷினு? அஞ்சு வெக்கலாம்."

"நாலு புள்ளி எட்டு. மின்னழுத்தத்தைத் தொடாதே. விசிறி முழுசா ஓடட்டும். கால் மணி நேரம் நெரிச்சு ஓட்டிக் காட்டு. தாங்கினா படத்தைத் தொடங்கலாம்."

"கால் மணி நேரம் சும்மா ஓட்டவா? பாப்பாக்கு டைம் இல்ல சார்!"

"திரும்பத் திரும்ப நின்னா மட்டும் டைம் இருக்குமா? மடையா!"

"யார மடையன்ற? என் ஊட்ல நின்னுகினு—"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க!" என்றாள் மகள். நாங்கள் நிறுத்தினோம். அவளுக்கு அழுகை வந்திருந்தது, ஆனால் குரலில் அழுகை இல்லை. "அங்கிள், நாலு எட்டு போடுங்க. அப்பா, கால் மணி நேரம் இல்ல, பத்து நிமிஷம். அதுக்குள்ள யாராவது பேசினீங்கன்னா நான் எழுந்து போயிடுவேன்."

பத்து நிமிடம் அவன் அறையில், அவன் நாற்காலியில், அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எதிரே சுவரில் யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்துப் படம். சூடு எண்பத்து மூன்றில் ஏறி நின்றது. அசையவில்லை. படங்களைத் தொடங்கினாள். ஒவ்வொன்றுக்கும் இருபத்தொரு நிமிடம். அவன் சொன்ன வேகத்துக்கும் நான் சொன்ன வேகத்துக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவன் முழு மாலையையும் பணயம் வைத்திருந்தான். அதை அவனிடம் சொன்னேன். அவன் எழுந்து போய் டீ போட்டான், எனக்குக் கொடுக்கவில்லை. மனைவி எங்கள் வீட்டிலிருந்து சாப்பாட்டுத் தூக்கை அனுப்பினாள். மகள் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே வேலை செய்தாள். பன்னிரண்டாவது படம், சொன்ன மாலை முடிவதற்குள், போய்ச் சேர்ந்தது.

வேலை கிடைத்தது. மருமகன் போன் செய்தபோது மகளே எடுத்தாள். "வேலை இருக்கு, வர முடியாது" என்று சொல்லி வைத்துவிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

முதல் சம்பளம் வந்ததும் அவள் ரிச்சி தெருவுக்குப் போனாள். என்னையும் கூட்டிப் போனாள், அவனையும். ஆவடி ரயிலில் நானும் அவனும் எதிரெதிர் இருக்கையில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். பெயரின் கடைசியில் எழுத்து உள்ள ப்ராசசர், பக்கம் பக்கமாக எண் போடும் போர்டு, என் முழங்கை உயரத்துக்கு விசிறிக் கட்டி, தேவைக்கு ஒன்றரை மடங்கு எஸ்.எம்.பி.எஸ். தேவைக்கு மேல் இருக்க வேண்டும் என்று கடையில் கத்தியது நான். விலை பேசிக் கத்தியது அவன். மாடியறையில் மூவரும் சேர்ந்து பொருத்தினோம். கேண்டீன் பெட்டியை மூலையில் தள்ளினோம். அது இப்போது மனைவி சீரியல் பார்க்கப் பயன்படுகிறது, அதற்கு அந்த அரை நிமிட வேகம் தாராளம்.

பிறகு பயாஸ் திரை வந்தது. அவன் ஐந்து புள்ளி இரண்டு என்றான். நான் நான்கு புள்ளி ஒன்பது என்றேன். அவன் என்னைக் கட்டைவண்டி என்றான். நான் அவனைக் கொலைகாரன் என்றேன், அவன் கையில் செத்த எஞ்சின்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். நான்காவது எஞ்சினில் மகள் எழுந்து எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

வெகுநேரம் கழித்துத் திறந்தாள். அறைக்குள் விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ஒரே சீரான சத்தம், தடுமாற்றம் இல்லை.

"எவ்ளோ வெச்ச பாப்பா?" என்றான் அவன்.

"ஓடுது அங்கிள்."

"எவ்வளவு நேரம் சுமை கொடுத்துப் பார்த்த?" என்றேன்.

"போதுமான நேரம்."

"காட்டு, பார்க்கறேன்."

"பாஸ்வேர்டு போட்டுட்டேன்ப்பா. பயாஸுக்குள்ள இனிமே நான் மட்டும்தான் போக முடியும்."

"எங்களுக்கே பூட்டா?" என்றான் அவன்.

"உங்க ரெண்டு பேருக்குத்தான் பூட்டு."

எனக்குக் கோபம் வந்தது. கம்பெனிக்காரனிடம் பட்டது போதாதென்று சொந்த வீட்டிலும் ஒரு பூட்டு. ஆனால் திட்ட ஆரம்பித்தபோது என் வாதம் நிற்கவில்லை. கம்பெனிக்காரன் விற்றுவிட்டுப் போனவன், அந்தப் பெட்டி ஓடாவிட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. இவள் அதன் முன்னால் உட்காருகிறவள். எந்த எண்ணில் ஓட்டலாம் என்று முடிவெடுக்க இந்த வீட்டில் அவளைவிட உரிமை உள்ளவர்கள் கிடையாது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரனிடம் சொல்வதற்கில்லை.

"அஞ்சுக்கு மேலதான் வெச்சிருக்கும். சத்தத்துலயே தெரீது," என்றான் அவன்.

"அஞ்சுக்குக் கீழதான். காது கேக்குதாய்யா உனக்கு?"

"யாருக்குக் காது கேக்கல? நீதான் சார்—"

கதவு கொஞ்சம் திறந்தது. "அப்பா, கஸ்டமர் லைன்ல இருக்காங்க. ரெண்டு பேரும் கீழ போய்ச் சண்டை போடுங்க."

கீழே இறங்கினோம். அவன் முன்னால், நான் பின்னால்.